எட்டுக்குப் பயந்து தைத்த இரண்டு பச்சை

எண்களைக் கண்டால் கூட்டிவிடும் வியாதி எனக்கு இருந்தது. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது இதை வியாதி என்று சொல்லியிருந்தால், சொன்னவருடைய பிறந்த தேதியைக் கேட்டு, கூட்டிப் பார்த்து, "பாவம், இந்த எண்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்று பெருந்தன்மையாக மன்னித்திருப்பேன்.

பஸ் டிக்கெட், ரேஷன் டோக்கன், எதிரே வரும் லாரி என்று எதில் எண் இருந்தாலும் கூட்டி, ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். ஒன்பது வந்தால் அன்று நான் மகாராணி. எட்டு வந்தால் செருப்பு வார் அறுவதற்காகக் காத்திருப்பேன். (அறுந்துவிடும். வருடம் முழுக்க ஒரே செருப்பைப் போட்டால் என்றைக்காவது அறுந்துதானே ஆகவேண்டும்?) ஒருமுறை வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டரின் மேல் எழுதியிருந்த எண் எட்டில் வந்து நின்றது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சிலிண்டரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்தது வர நான்கு நாள் ஆனது.

"ஏம்புள்ளே, அந்த எட்டு நம்பரு கேஸ்ல வெச்சிருந்தா சோறு வெந்திருக்குமல்ல? உன்ற ஒம்போது வர்ற வரைக்கும் நாங்க பழத்தத் தின்னுட்டுக் கெடக்கோணுமா?" என்று அம்மா நான்கு நாளும் மூன்று வேளையும் கேட்டாள்.

என் பெயர் பூங்கொடி. அதன் ஆங்கில எழுத்துகள் எனக்குச் சாதகமாக இல்லை என்று தெரிந்ததும் நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்தேன். கடைசியில் இன்னொன்றைச் சேர்த்தேன். அதன் பிறகு வங்கியில் என் கையெழுத்தைப் பார்த்தவர், "இவங்க வரலீங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

செய்தித்தாள் விஷயத்தில் நான் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தேன். செய்தியை மற்றவர்கள் படிப்பார்கள், செய்திக்குள் ஒளிந்திருப்பதை நான் படிப்பேன். ஒருநாள் மூன்றாம் பக்கத்தில், மலையோர ஊர் ஒன்றில் யானை ரேஷன் கடைக் கதவை உடைத்துவிட்டது. ஆறாம் பக்கத்தில், கல்யாண மண்டபம் ஒன்றில் பந்திக்கு முந்திய கூட்டம் சாப்பாட்டுக்கூடத்தின் கதவை உடைத்துவிட்டது. அன்று காலை எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் என் கையோடு வந்துவிட்டது. மூன்று கதவுகள்! மூன்றாம் பக்கமும் ஆறாம் பக்கமும் சேர்ந்து ஒன்பது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"தாப்பா போன வாரத்துல இருந்தே ஆடிட்டு இருந்துச்சு கண்ணு" என்றார் அப்பா.

"அதேதானுங்கப்பா! அந்த யானையும் போன வாரத்துல இருந்தே ஊரைச் சுத்திட்டு இருந்துச்சாம்!"

அப்பா பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புதுத் தாழ்ப்பாள் வாங்கக் கிளம்பிவிட்டார். எங்கள் ஊரான மங்கலத்தில் முப்பது வருடம் விசைத்தறிச் சத்தத்துக்குள் நின்றவர் அவர். எதைக் கேட்டுக்கொள்வது, எதைக் காதோடு விடுவது என்பது அவருக்கு அத்துப்படி.

இப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் மிக முக்கியமான ஆர்டரை ஒப்படைத்தார். அவர் பெரியசாமி அண்ணன். திருப்பூர் பக்கம் நல்லூரில் முப்பது மெஷின் வைத்து பனியன் தைக்கும் யூனிட் வைத்திருந்தார். நான் அங்கே மெர்ச்சண்டைசர். (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வெளிநாட்டுக்காரர் மெயிலில் கேட்பதை கட்டிங் மாஸ்டரிடம் சண்டை போட்டு வாங்கி, மாஸ்டர் திட்டுவதை வெளிநாட்டுக்காரருக்கு மரியாதையாக எழுதி அனுப்பும் வேலை.) அண்ணன் பன்னிரண்டு வருடமாக மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பெட்டிகளின் மேல் எப்போதும் அடுத்தவர் பெயர்தான் இருக்கும். அந்த வருடம்தான் முதல்முறையாக அவருடைய சொந்தப் பெயரில், நேரடியாக, ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான பச்சை நிற டி-ஷர்ட், இரண்டாயிரத்து நானூறு. பெரிய கம்பெனிகளுக்கு இது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்கிற வேலை. எங்களுக்கு இது திருவிழா.

"இது மட்டும் நல்லபடியாப் போயிருச்சுன்னா அடுத்தது அவியளே குடுப்பாங்க அம்மிணி. போகலீன்னா நான் மறுக்கா கூலிக்குத்தான் தைக்கோணும். இந்த வயசுல இன்னொருக்கா ஆரம்பிக்கறதுக்குத் தெம்பு இல்லீங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, காலிப் பெட்டி ஒன்றில் அச்சாகியிருந்த தன் பெயரைக் கையால் தடவிப் பார்த்தார்.

உடனே ஆர்டர் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது! டெலிவரி தேதி? ஒன்பது! என் வயது இருபத்தேழு, ஒன்பது! பிரபஞ்சமே ஒரு லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அன்று மதியம் யூனிட்டில் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். எத்தனை என்று கேட்காதீர்கள், ஆளுக்கு ஒன்று வராமல் ஒன்பதைப் பிய்த்துக் கொடுத்தேன்.

பிறகு சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நேரத்தில், ஒரே சாயத்தில் ஒன்றாக வெந்த துணி ஒரு லாட். அடுத்த முறை அதே சாயத்தை, அதே அளவில், அதே ஆள் போட்டாலும் நிறம் லேசாக மாறிவிடும். ஒரே அம்மா, ஒரே பருப்பு, ஒரே புளி என்றாலும் நேற்று வைத்த சாம்பாரும் இன்று வைத்த சாம்பாரும் ஒன்றாகவா இருக்கிறது? அதனால் துணி உருளைகள் ஒவ்வொன்றின் மேலும் லாட் எண் ஒட்டியிருக்கும். ஒரு சட்டையின் உடம்பும் கையும் ஒரே லாட்டிலிருந்து வரவேண்டும். திருப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் நீங்கள் "பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்" என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

வந்தவை இரண்டு லாட். முதலாவது 4527. கூட்டுங்கள், ஒன்பது. நான் அந்த உருளைகளைத் தட்டிக் கொடுத்தேன். இரண்டாவது 4526.

கூட்டினேன். மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலாகவும் கூட்டினேன். எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் எட்டு.

அன்றைய பேப்பரை எடுத்தேன். எட்டாம் பக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்திருந்தது. அதில் என்ன ஏற்றியிருந்தது என்று நினைக்கிறீர்கள்? முட்டைக்கோஸ். பச்சை! எட்டாம் பக்கத்தில் பச்சை நிறம் ரோட்டில் உருண்டு கிடக்கிறது! இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன எச்சரிக்கை வேண்டும்? அண்ணன் பெட்டியைத் தடவியது கண் முன்னால் வந்தது. அவரைக் காப்பாற்ற இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று தோன்றியது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், புது ஸ்டிக்கர் தாளும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு துணி அறைக்குப் போனேன். 4526 என்ற ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். ஒவ்வொன்றின் இடத்திலும் 4527 என்று எழுதி ஒட்டினேன். ஒரே ஓர் எண்தானே? ஆறு, ஏழாக முன்னேறியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசி ஸ்டிக்கரை ஒட்டியபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு குடும்பத்துக்கே தடுப்பூசி போட்டு முடித்த நர்ஸ் மாதிரி கையைக் கழுவிக்கொண்டு வந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் ஜாபர். இருபத்தைந்து வருட அனுபவம். துணியைத் தொட்டே அதன் எடையைச் சொல்வார். சாப்பிட்டுவிட்டு வந்து உருளைகளைப் பார்த்தவர் நின்றார்.

"ஏம்மா, காலைல ரெண்டு லாட்டுன்னு சொன்னாங்களே?"

"டையிங்ல தப்பா ஒட்டிட்டாங்க மாஸ்டர். ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன். எல்லாமே ஒரே லாட்தானுங்க."

(ஃபோன் பண்ணவில்லை. பண்ணியதாக நானே நம்பினேன்.)

மாஸ்டர் இரண்டு உருளைகளைப் பிரித்து டியூப் லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே ஐப்பசி மழை மூட்டம், பட்டப்பகலே சாயங்காலம் மாதிரி இருந்தது. டியூப் லைட்டில் இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தன. பெரிய கம்பெனிகளில் நிறம் பார்ப்பதற்கென்றே விளக்குப் பெட்டி இருக்கும். எங்களிடம் இருந்தது மாஸ்டரின் கண், அந்த டியூப் லைட், என் வாக்கு. மூன்றில் மூன்றாவதைத்தான் அவர் அதிகம் நம்பினார்.

"நீ கேட்டுட்டேன்னு சொன்னாச் சரிம்மா" என்று துணியை விரித்தார். எல்லாம் ஒரே லாட் என்பதால் உடம்பை ஒரு பக்கமும் கையை ஒரு பக்கமும், எந்த உருளை கைக்கு வந்ததோ அதிலிருந்து மளமளவென்று வெட்டித் தள்ளினார். இரண்டு வாரம் தையல் பறந்தது. மழையும் விடவில்லை. இரண்டாயிரத்து நானூறு டி-ஷர்ட்டும் மடித்து, பெட்டியில் போட்டு, டேப் ஒட்டித் தயாராகிவிட்டன. டியூப் லைட்டின் கீழே அவை அவ்வளவு அழகாக இருந்தன.

அடுத்தது இன்ஸ்பெக்‌ஷன். வெளிநாட்டுக்காரரின் சார்பாகக் கோயம்புத்தூரிலிருந்து ஸ்டெல்லா மேடம் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, சரி என்றால்தான் சரக்கு கிளம்பும். செவ்வாய்க்கிழமை காலை அவர் ஃபோன் செய்தார். "நாளைக்கு வரட்டுமா, இல்ல வியாழக்கிழமை வரட்டுமா? உங்களுக்கு எது வசதி?"

"வியாழனே வெச்சுக்கலாங்க அம்மிணி, ஒரு நாள் கூடக் கெடைக்குமல்லங்க" என்றார் அண்ணன்.

இவ்வளவு பெரிய முடிவை இவ்வளவு சாதாரணமாக எடுக்கலாமா? "ஒரு நிமிஷமுங்கண்ணா" என்று பேப்பரை எடுத்தேன். யூனிட்டில் பேப்பர் படிப்பது நான் மட்டும்தான். முக்கியமானது எதுவாக இருந்தாலும் நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையில் அண்ணன் அதைத் தொடுவதே இல்லை. உள்பக்கத்தில், கீழே, ஒரு சின்னக் கட்டம். "நாளை புதன்கிழமை" என்று தடித்த எழுத்து. அதன் கீழே வரிசையாக ஊர்ப் பெயர்கள். முதல் பெயரே நல்லூர்! எண்ணினேன். நல்லூரோடு சேர்த்துச் சரியாக ஒன்பது பெயர்கள். இது போதாதென்று கடைசி வரியில் "காலை 9 மணி முதல்" என்று வேறு இருந்தது.

ஓர் எண் இதைவிட வெளிப்படையாகப் பேச முடியுமா? புதன், நல்லூர், ஒன்பது, ஒன்பது மணி! உடனே மேடத்தைக் கூப்பிட்டு, "நாளைக்கே வந்துருங்க மேடம். ஒம்பது மணி ஒம்பது நிமிஷத்துக்கு ஆரம்பிச்சா ரொம்ப நல்லாருக்கும்" என்றேன். "டிராஃபிக்கைப் பொறுத்து வர்றேன்மா" என்றார் அவர்.

அந்தக் கட்டத்தின் தலைப்பை நான் படிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? படித்தேன். கண் படித்தது. "மின்தடை" என்று இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தப் போகிறோம் என்று ஒன்பது ஊருக்கும் மின்வாரியக்காரர்கள் தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தார்கள். நான் ஒளிந்திருந்ததைத் தேடிய மும்முரத்தில், ஒளியாமல் நடுவில் நின்றதைத் தாண்டிப் போயிருந்தேன்.

புதன்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. பதினைந்து நாள் கழித்து வெயில் பளிச்சென்று அடித்தது. (இதையும் நல்ல சகுனம் என்று எழுதி வைத்தேன்.) ஸ்டெல்லா மேடம் வந்தார், நெடுநெடுவென்று, அதிகம் பேசாதவர். அண்ணன் சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். அவருடைய மனைவி சாந்தி அக்கா பக்கத்திலேயே இருந்த வீட்டிலிருந்து மேடத்துக்கு இளநீர் கொண்டுவந்து வைத்தார். மேடம் ஒரு பெட்டியைத் திறந்து, மூன்று டி-ஷர்ட்டை டியூப் லைட்டின் கீழே விரித்து, தையலைப் பார்த்தார், அளவைப் பார்த்தார், தலையசைத்தார். நிறம் சரி என்பதற்கு "ஷேடு ஓகே" என்று பேப்பரில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

கரண்ட் போய்விட்டது.

"அடடா, இன்னைக்கு ஷட்டவுனா?" என்றார் ஜாபர் மாஸ்டர். "பேப்பர்ல போட்டிருப்பாங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எங்கள் ஜெனரேட்டர் அந்த வாரம் மெக்கானிக்கிடம் இருந்தது.

"பரவால்ல, வெளியே டேபிள் போடுங்க. வெயில் நல்லாத்தானே இருக்கு" என்றார் மேடம்.

இரண்டு தையல்காரர்கள் மேசையைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். மேடம் அதே டி-ஷர்ட்டை எடுத்து வெயிலில் விரித்தார். நான் பார்த்தேன். மாஸ்டர் பார்த்தார். அண்ணன் பார்த்தார். தெருவில் பைக்கை நிறுத்தி ஒருவர் பார்த்தார்.

உடம்பு வேப்பிலைப் பச்சை. கை கொத்தமல்லிப் பச்சை.

மேடம் இன்னொன்றை எடுத்தார். உடம்பு கொத்தமல்லி, கை வேப்பிலை. மூன்றாவதில் ஒரு கை இப்படி, ஒரு கை அப்படி. அதைப் பார்த்து, பைக்கை நிறுத்தியவர், "ஏனுங்க, இது புது மாடலுங்களா?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். பெட்டிக்குப் பெட்டி திறந்தோம். நல்லூர்த் தெருவில் அன்று எத்தனை பச்சை இருந்தது என்று எனக்கு எண்ண மனசு வரவில்லை. அது ஒரு முன்னேற்றம்தான்.

மாஸ்டர் உள்ளே போய், மிச்சமிருந்த உருளைகளில் ஒன்றைத் தூக்கி வந்தார். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். கீழே ஒட்டிக்கொண்டிருந்த பழைய ஸ்டிக்கரின் ஒரு துண்டில் சாயப்பட்டறைக்காரரின் கையெழுத்தில் ஓர் ஆறு தெரிந்தது. மேலே இருந்த ஏழைப் பார்த்தார். அது யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். அந்த உருளையை என் முன்னால் வைத்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தானுங்க" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே லாட் எண், எட்டு, முட்டைக்கோஸ் லாரி, ஒன்பது ஊர்கள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. நடுவில் நிறுத்தவும் முடியவில்லை.

பெரியசாமி அண்ணன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தது அவருடைய சொந்தப் பெயரின் மேலேயே. கொங்கு நாட்டுக்காரர்களிடம் ஒரு கஷ்டம் உண்டு. உச்சகட்டக் கோபத்திலும் மரியாதை குறையாது. அது திட்டு வாங்குகிறவரை இன்னும் கொல்லும்.

"ஏனுங்க அம்மிணி, அந்த எட்டு உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்றார். "நீங்க என்ற நல்லதுக்குத்தான் பண்ணீங்க, தெரியுதுங்க. என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?"

தெருவே இடிந்து விழுந்து என்னை மூடிக்கொண்டால் தேவலாம் என்று இருந்தது.

ஸ்டெல்லா மேடம்தான் முதலில் பேசினார். "இங்க கண்டுபிடிச்சதே நல்லதாப் போச்சுங்க. கரண்ட் மட்டும் போகலைன்னா நான் ஓகே எழுதியிருப்பேன். அங்க கடைல போய்ப் பாத்திருந்தாங்கன்னா, உங்க பேரும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும்."

கண்ணீருக்கு நடுவில் என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. ஒன்பது ஊர்! ஒன்பது மணி! அப்படியானால் ஒன்பதுதான் எங்களைக் காப்பாற்றி… வாயைத் திறந்தேன்.

"சொல்லாதே" என்றார் ஜாபர் மாஸ்டர்.

மூடிக்கொண்டேன்.

மாஸ்டர் ஒரு வேப்பிலையையும் ஒரு கொத்தமல்லியையும் எடுத்து மேசையில் வைத்தார். இதன் கை அதற்கு, அதன் கை இதற்கு. கைகளைப் பிரித்து, இனத்தோடு இனம் சேர்த்து மறுபடி தைத்தால் ஆயிற்று. பிரிக்க வேண்டியது பாதிக்கு மேல். மேடம் திங்கட்கிழமை காலை வரை நேரம் கொடுத்தார். ஒரே ஒரு சிக்கல்: எது எந்தப் பச்சை என்று வெயிலில் மட்டும்தான் தெரியும்.

அதனால் அந்த நாலு நாளும் நல்லூரில் எங்கள் தெரு ஒரு திறந்தவெளித் தொழிற்சாலை. கயிற்றுக் கட்டில், பாய், பிளாஸ்டிக் நாற்காலி என்று கிடைத்ததை எல்லாம் போட்டு, கையில் நூல் கத்தரியோடு எல்லோரும் உட்கார்ந்தோம். பீகாரிலிருந்து வந்திருந்த தையல்காரர்கள் இந்தியில் பாடிக்கொண்டே கைகளைப் பிரித்தார்கள். சாந்தி அக்கா அண்டாவில் மோர் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்தாள். அப்பா தறிக்கு லீவு சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னோடு பஸ் ஏறினார். அம்மாவும் சோறு நிரப்பிய தூக்குப்போசியோடு பின்னால் ஏறினாள். (டிக்கெட்டை அப்பாவே வாங்கி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னிடம் காட்டவில்லை.)

நிறம் பிரிக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தறியில் நூலோடு வாழ்ந்தவர் கண், ஏமாறாது. ஒவ்வொரு கையையும் எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, "இது அந்தப் பச்சை… இது இந்தப் பச்சை…" என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு குவியலாகப் போட்டார். ஒரு மேகம் வந்தால் எல்லோரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். மேகம் நகர்ந்தால் விசில் பறக்கும். மாஸ்டர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அந்த மோரைக் குடிக்கும்போது மறுபடி அழுதேன்.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா மேடம் தானாகவே மேசையை வெயிலில் போடச் சொன்னார். முப்பது டி-ஷர்ட் பார்த்தார். பேனாவைத் திறந்தார். எழுதினார். அண்ணன் அந்தத் தாளை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து, "அம்மிணி, பெட்டிய லாரில ஏத்தறப்ப நீங்க மட்டும் கொஞ்சம் ஊட்டுக்குள்ள இருந்துக்குங்க. லாரி நம்பரப் பாத்தறாதீங்க" என்றார். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். நான் சாந்தி அக்காவோடு சமையலறைக்குள் உட்கார்ந்துகொண்டேன். சரக்கு போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆர்டரும் வந்தது. என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அந்த யூனிட்டில் அதன் பிறகு லாட்டுக்கு எண்ணே கிடையாது. முதலில் எழுத்து வைத்துப் பார்த்தார்கள். நான் 'ஏ' என்றால் ஒன்று, 'பி' என்றால் இரண்டு என்று விரல் மடக்குவதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் காய்கறிக்கு மாறிவிட்டார். இன்றைக்கும் அங்கே போனால், "கத்திரிக்காய் முடிஞ்சுதா? சுரைக்காயை விரி" என்று குரல் கேட்கும்.

அந்த நாலு நாளோடு முடியாத விஷயம் ஒன்று உண்டு. அது என் அப்பா. வெயிலில் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். தீபாவளிக்குப் புடவை எடுத்தால் கடைக்கு வெளியே தூக்கி வந்து பார்ப்பார். தக்காளியை வெயிலுக்குக் காட்டுவார். அடுத்த வருடம் எனக்கு வரன் வந்தது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கூடியிருந்தது. ஜோசியர் சந்தோஷமாகச் சொன்னார், மாப்பிள்ளை வீட்டார் சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் மாப்பிள்ளையின் பிறந்த தேதியைக் கூட்டக் கூடாது என்று அம்மா அதை எனக்குச் சொல்லவே இல்லை. கூடத்தில் காபி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, பேச்சு முடிவாகப் போகிற நேரத்தில் அப்பா எழுந்து நின்றார்.

"எல்லாம் சரிங்க. தம்பி, ஒரு நிமிஷம் வெளிய வெயிலுக்கு வாங்க."

மாப்பிள்ளை எழுந்து போனார். எங்கள் பக்கத்துச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்தாராம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அவரை வாசலில் நிறுத்தி, இரண்டு முழங்கையையும் பிடித்து நீட்டச் சொல்லி, முன்னும் பின்னும் திருப்பினார். அப்பாவின் முகம் மாறியது.

"ஏனுங்க தம்பி, வலது கை ஒரு ஷேடு கூட இருக்குதுங்களே?"

உள்ளே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பஜ்ஜி தொண்டையில் நின்றது. எனக்கு உயிரே நின்றது.

"நூல் வேன் ஓட்டறனுங்க மாமா. ஜன்னல் பக்கம் வலது கை. நாள் முச்சூடும் வெயில் படுமுங்க" என்றார் அவர், கையை இன்னும் நீட்டியபடியே.

அப்பா அந்த வலது கையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். "காரணம் தெரிஞ்ச ஷேடுன்னாப் பரவால்லீங்க. பாஸ்" என்று உள்ளே வந்து, பாக்கு வெற்றிலைத் தட்டை மாற்றச் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், பத்து நிமிடத்துக்குள் என் கணவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டி இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார். "எல்லாரும் ஜாதகம் பாத்துப் பொண்ணு குடுப்பாங்க. எங்க மாமனார் என்னைய ஷேடு பாத்துக் குடுத்தாருங்க." அப்பா அருகில் இருந்தால், அந்த வலது கையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "இப்பவும் அப்பிடியேதானுங்க இருக்குது. சாயம் போகலீங்க."